காலேஜ் மெயில் மூடுறதுக்கு முன்னாடி: தண்டர்பேர்டில் ஒரு சொந்தப் பிரதி

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடு முக்கியமா ஃபைனல் இயர்ல இருக்கிறவங்களுக்கு. ஃபர்ஸ்ட் இயர், செகண்ட் இயர்ல இருக்கிறவங்களும் கேளுங்க. உங்க இன்பாக்ஸ் இன்னும் சின்னதுதான், அதனால உங்களுக்கு இந்த வேலை சீக்கிரமே முடிஞ்சிடும்.

காலேஜ்ல சேர்ந்த கொஞ்ச நாள்லயே எல்லாருக்கும் ஒரு மெயில் ஐடி கொடுப்பாங்க. முன்னாடி ரோல் நம்பர், பின்னாடி காலேஜ் பேரு, கடைசியில ஏசி டாட் இன் அல்லது இடியு டாட் இன். ஆரம்பத்துல அதுல வர்றது எல்லாம் சர்க்குலர்தான். ஃபீஸ் கட்டுங்க, ஐடி கார்டு வாங்கிக்கோங்க, சிம்போசியத்துக்கு வாங்க. அதனால யாரும் அதைப் பெருசா மதிக்கிறதில்லை. நாலு வருஷம் கழிச்சு அதே இன்பாக்ஸைத் திறந்து பாருங்க. இன்டர்ன்ஷிப் கொடுத்த கம்பெனியோட மெயில் அதுல இருக்கும். பிளேஸ்மென்ட் ஆஃபர் லெட்டர் இருக்கும். புராஜெக்ட் கைடு ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பின திருத்தம் இருக்கும். கான்ஃபரன்ஸ் பேப்பருக்கு வந்த ஏற்புக் கடிதம், ஸ்காலர்ஷிப் தகவல், ஹாஸ்டல் டெபாசிட் ரசீது எல்லாம் அங்கதான் கிடக்கும்.

அந்த அக்கவுன்ட் உங்க பேர்ல இருக்கு, ஆனா அது காலேஜோட சொத்து. டிகிரி முடிஞ்சதும் அதை எப்ப மூடணும்னு முடிவு பண்றது காலேஜ்தான். சில இடத்துல ஒரு மாசம் விடுவாங்க, சில இடத்துல ஒரு வருஷம். சில இடத்துல நோ டியூஸ் கையெழுத்து வாங்கின கையோட மூடிடுவாங்க.

நம்ம நிகழ்ச்சிக்கு வந்த ஒரு கேள்வியைச் சொல்றேன். கேட்டவர் மே மாசம் பிஇ முடிச்சார். செப்டம்பர்ல வேலைக்குச் சேரும்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் நடந்திருக்கு. ரெஸ்யூமேல போட்டிருந்த ரெண்டு மாச இன்டர்ன்ஷிப்புக்கு ஆதாரம் கேட்டிருக்காங்க. அந்த ஸ்டார்ட்அப் இப்ப இல்லை, மூடிட்டாங்க. சர்டிஃபிகேட் பிடிஎஃப்-ஆ காலேஜ் மெயிலுக்குத்தான் வந்தது. அதைத் தனியா எடுத்து வைக்கலை. காலேஜ் மெயிலும் ஜூலையிலேயே மூடியாச்சு. சிஸ்டம் அட்மினுக்குப் போன் பண்ணினா, "அக்கவுன்டையே டெலீட் பண்ணியாச்சு தம்பி, எங்ககிட்டயும் இல்லை"ன்னு சொல்லிட்டார். இதுக்கு மேல என்ன பண்ணலாம்னு கேட்டிருந்தார். அந்த மெயிலை இனி எடுக்க வழியில்லை. ஸ்டைபண்ட் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், அங்க மேனேஜரா இருந்தவர்கிட்ட ஒரு கடிதம், இப்படி வேற ஆதாரம் தேடித்தான் சமாளிக்கணும். ஆனா ஜூன் மாசமே கேட்டிருந்தா, லேப்டாப்ல ஒரு மெயில் சாஃப்ட்வேரைப் போட்டு எல்லாத்தையும் இறக்கி வெச்சிருக்கலாம். அது எப்படின்னுதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

காலேஜ் ஏன் மூடுது?

முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும். இதுல வன்மம் எதுவும் இல்லை. நிறைய காலேஜ் மெயில் பின்னணியில கூகுள்லயோ மைக்ரோசாஃப்ட்லயோதான் ஓடுது. ரொம்ப நாளா கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு வரம்பே இல்லாம இடம் கொடுத்துட்டு இருந்தது. 2021-ல் அதை மாத்தி, இலவசத் திட்டத்துல ஒரு நிறுவனம் முழுக்கச் சேர்த்து 100 டெராபைட்தான்னு அறிவிச்சாங்க. ஏற்கெனவே இருந்த நிறுவனங்களுக்கு 2022 ஜூலையிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. 2023-ல் மைக்ரோசாஃப்ட்டும் அதே மாதிரி 100 டெராபைட் வரம்பை அறிவிச்சது.

100 டெராபைட்னு கேட்டா பெருசாத் தோணும். மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகம் எல்லாம் சேர்த்து 10,000 பேர் இருக்கிற நிறுவனம்னா, தலைக்கு 10 ஜிபிதான் வருது. மெயில், டிரைவ், மீட்டிங் ரெக்கார்டிங் எல்லாமே அதுக்குள்ளதான். வருஷாவருஷம் புது பேட்ச் வருது. பழைய பேட்சோட அக்கவுன்டை மூடாம அட்மினால சமாளிக்க முடியாது. பாதுகாப்புக் காரணமும் உண்டு. யாரும் பயன்படுத்தாம கிடக்கிற பழைய அக்கவுன்ட், பாஸ்வேர்டைத் திருடுறவங்களுக்கு ரொம்ப வசதி.

அதனால, மூடப்போறாங்கன்னே வெச்சுக்கிட்டுத் திட்டம் போடுங்க.

கண்ணாடியும் போட்டோவும்

இப்ப நாம பெரும்பாலும் மெயிலைப் பிரவுசர்ல பார்க்கிறோம், இல்லன்னா போன் ஆப்ல. ரெண்டுலயும் மெயில் முழுசா உங்க கையில இல்லை. எங்கயோ ஒரு சர்வர்ல இருக்கிறதை எட்டிப் பார்க்கிறீங்க. போன் ஆப் கடைசியா வந்த கொஞ்ச நாள் மெயிலை மட்டும் உள்ள வெச்சிருக்கும், அவ்வளவுதான்.

டெஸ்க்டாப் மெயில் கிளையன்ட்னு சொல்றது, உங்க கம்ப்யூட்டர்லயே மெயிலை இறக்கி வெச்சுக்கிற சாஃப்ட்வேர். இன்னைக்கு நான் எடுத்துக்கிற உதாரணம் தண்டர்பேர்ட். மொசில்லா ஆளுங்களோடது. முதல் முழுப் பதிப்பு 2004 டிசம்பர்ல வந்தது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். அவுட்லுக், ஆப்பிள் மெயில்னு வேறயும் இருக்கு. இந்த வேலைக்குத் தண்டர்பேர்டைச் சொல்றதுக்குக் காரணம், அது மெயிலை எம்பாக்ஸ்னு ஒரு பழைய, எல்லாருக்கும் தெரிஞ்ச வடிவத்துல சேமிக்குது. நாளைக்குத் தண்டர்பேர்டே இல்லாமப் போனாலும் அந்த ஃபைலை வேற சாஃப்ட்வேர்ல திறக்கலாம்.

இங்க ரெண்டு வார்த்தை தெரிஞ்சுக்கணும். பாப், ஐமேப். பாப் 1984-ல் வந்தது. போஸ்ட் ஆபீஸுக்குப் போய் கடிதத்தை வாங்கிட்டு வந்துடுற மாதிரி. வாங்கினதுக்கு அப்புறம் அங்க எதுவும் இருக்காது. வேணும்னா ஒரு நகலை அங்கேயே விட்டுட்டு வரவும் அதுல வழி இருக்கு. ஐமேப், ஸ்டான்ஃபோர்டுல இருந்த மார்க் கிரிஸ்பின் 1986-ல் உருவாக்கினது. அதுல கடிதம் சர்வர்லயே இருக்கும். உங்க லேப்டாப், போன், பிரவுசர் எல்லாமே அதே கடிதத்தைக் காட்டும். ஒரு இடத்துல படிச்சா எல்லா இடத்துலயும் படிச்சதா மாறும். ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் அழியும்.

தண்டர்பேர்ட்ல நீங்க அக்கவுன்ட் சேர்த்தா, வழக்கமா ஐமேப்தான் போடும். பல பேர் இங்கதான் நிம்மதியா நிறுத்திடுறாங்க. "என் லேப்டாப்ல எல்லா மெயிலும் தெரியுதே, பேக்கப் ஆயிடுச்சு"ன்னு. ஆகலை. ஐமேப் ஒரு கண்ணாடி மாதிரி. எதிர்ல ஆள் நிக்கிற வரைக்கும்தான் உருவம் தெரியும். சர்வர்ல இன்பாக்ஸைக் காலி பண்ணிட்டா, அடுத்த தடவை தண்டர்பேர்ட் சர்வரோட பேசும்போது இங்கயும் காலி ஆயிடும். நமக்கு வேண்டியது போட்டோ. தண்டர்பேர்ட்ல அதுக்குன்னு இருக்கிற இடத்துக்குப் பேரு 'லோக்கல் ஃபோல்டர்ஸ்'. அதுக்குள்ள போன மெயிலுக்கும் சர்வருக்கும் சம்பந்தம் கிடையாது.

ஆக வேலை ரெண்டு கட்டம். முதல்ல கண்ணாடியை மாட்டணும். அப்புறம் போட்டோ எடுக்கணும்.

முதல் கட்டம்: அக்கவுன்டைச் சேர்க்கிறது

உங்க காலேஜ் மெயில் எந்த வகைன்னு பாருங்க. லாகின் பண்ற பக்கம் ஜிமெயில் மாதிரி இருந்தா கூகுள். அவுட்லுக் மாதிரி இருந்தா மைக்ரோசாஃப்ட். ரெண்டும் இல்லாம ஜிம்ப்ரா, ரவுண்ட்கியூப்னு பேரு தெரிஞ்சா, பெரும்பாலும் காலேஜோட சொந்த சர்வரா இருக்கும்.

தண்டர்பேர்டோட அதிகாரப்பூர்வத் தளத்துல இருந்து மட்டும் டவுன்லோட் பண்ணுங்க. தண்டர்பேர்ட் டாட் நெட். திறந்ததும் உங்க பேரு, மெயில் முகவரி, பாஸ்வேர்டு கேட்கும். கூகுளோ மைக்ரோசாஃப்ட்டோன்னா சர்வர் விவரத்தை அதுவே கண்டுபிடிச்சிடும். அப்படிக் கண்டுபிடிக்கலைன்னா கையால போடலாம், எழுதி வெச்சுக்கோங்க. கூகுளுக்கு உள்வரும் சர்வர் ஐமேப் டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் 993. வெளியே போற சர்வர் எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம், போர்ட் 465 அல்லது 587. மைக்ரோசாஃப்ட்டுக்கு உள்ளே வர்றது அவுட்லுக் டாட் ஆபீஸ்365 டாட் காம், 993. வெளியே போறது எஸ்எம்டிபி டாட் ஆபீஸ்365 டாட் காம், 587. யூசர்நேம் ரெண்டுலயும் முழு மெயில் முகவரி.

இப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடத்துக்கு வர்றேன். பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறீங்க, பிரவுசர்ல அதே பாஸ்வேர்டு வேலை செய்யுது, தண்டர்பேர்ட் மட்டும் தப்புன்னு சொல்லுது. அதுக்காகப் பாஸ்வேர்டை மாத்தாதீங்க. முன்னாடியெல்லாம் மெயில் சாஃப்ட்வேர் உங்க பாஸ்வேர்டையே சர்வருக்கு அனுப்பும். அது ஆபத்துன்னு ரெண்டு கம்பெனியும் படிப்படியா நிறுத்திட்டாங்க. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில 2022 அக்டோபர்ல நிறுத்த ஆரம்பிச்சது. கூகுள் தனிநபர் அக்கவுன்டுகளுக்கு 2022 மே மாசமும், நிறுவன அக்கவுன்டுகளுக்கு 2025-லயும் நிறுத்தினது. இப்ப இருக்கிற முறைக்குப் பேரு ஓஆத்2. அதுல கூகுளோட அல்லது காலேஜோட லாகின் பக்கமே ஒரு குட்டி ஜன்னல்ல திறக்கும். அங்க நீங்க லாகின் பண்ணி, ஓடிபி கொடுத்து, 'தண்டர்பேர்டுக்கு அனுமதி'ன்னு சொன்னா, ஒரு சாவி மட்டும் தண்டர்பேர்ட் கைக்கு வரும். உங்க பாஸ்வேர்டு அதுகிட்ட போகாது.

அதனால சர்வர் செட்டிங்ஸ்ல 'ஆதன்டிகேஷன் மெத்தட்'னு இருக்கிற இடத்துல 'நார்மல் பாஸ்வேர்டு'ன்னு இருந்தா 'ஓஆத்2'ன்னு மாத்துங்க. உள்வர்றதுக்கும் மாத்தணும், வெளியே போறதுக்கும் மாத்தணும். அந்தக் குட்டி ஜன்னல் வெறுமையா நின்னா, தண்டர்பேர்ட்ல குக்கீஸ் அனுமதிச்சிருக்கான்னு பாருங்க. குக்கீஸ் இல்லாம அந்த லாகின் நடக்காது.

அடுத்த தடை, 'அட்மின் அனுமதி வேணும்'னு ஒரு பக்கம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இது அதிகம் வரும். கூகுள்ல ஐமேப்பையே அட்மின் மூடி வெச்சிருக்கலாம். இதை நீங்களா உடைக்கப் பார்க்காதீங்க. நெட்ல பார்த்த ஏதோ ஒரு டூலுக்குக் காலேஜ் பாஸ்வேர்டைக் கொடுக்கிறது மொத்தத்துல மோசமான யோசனை. அட்மினுக்கு ஒரு மெயில் போடுங்க. உங்க பேரு, ரோல் நம்பர், எந்த சாஃப்ட்வேர், எதுக்காகன்னு நாலு வரி. "படிப்பு முடியப்போகுது, என் சொந்தக் கடிதங்களைப் பிரதி எடுத்துக்க ஐமேப் வசதியை ஒரு மாசத்துக்குத் திறந்து தர முடியுமா, இல்லன்னா வேற வழி இருந்தா சொல்லுங்க"ன்னு. வந்த எரர் பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட்டையும் சேருங்க. தனியா கேட்கிறதைவிட கிளாஸ் ரெப் மூலமா மொத்தமா கேட்டா பதில் சீக்கிரம் வரும். ஒருத்தருக்குத் திறக்கிறதும் பேட்சுக்கே திறக்கிறதும் அட்மினுக்குக் கிட்டத்தட்ட ஒரே வேலைதான்.

சொந்த சர்வர் வெச்சிருக்கிற காலேஜ்னா, சர்வர் பேரு, போர்ட், யூசர்நேம் மூணையும் கம்ப்யூட்டர் சென்டர்ல கேட்டு வாங்குங்க. யூசர்நேம் சில இடத்துல முழு முகவரி, சில இடத்துல வெறும் ரோல் நம்பர். கேம்பஸ் நெட்வொர்க்குக்கு வெளியே இருந்தா விபிஎன் தேவைப்படலாம், அதனால ஹாஸ்டல்ல இருக்கும்போதே முடிச்சிடுறது நல்லது. சர்டிஃபிகேட் சரியில்லைன்னு எச்சரிக்கை வந்தா கண்ணை மூடிட்டு ஓகே குடுக்காதீங்க. சர்வர் பேரை ஒரு எழுத்து தப்பா அடிச்சாலும் அது வரும். யாராவது நடுவுல உட்கார்ந்து ஒட்டுக் கேட்டாலும் அதேதான் வரும்.

இரண்டாம் கட்டம்: பிரதி எடுக்கிறது

அக்கவுன்ட் சேர்ந்தாச்சு, மெயில் தெரியுது. அக்கவுன்ட் செட்டிங்ஸ்ல 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்'னு ஒரு பக்கம் இருக்கும். எல்லா ஃபோல்டரோட மெயிலையும் இந்தக் கம்ப்யூட்டர்ல வெச்சுக்கோன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் இருக்கான்னு பாருங்க. பக்கத்துலயே, இத்தனை நாள் மெயில் மட்டும் போதும்னு குறைக்கிற வசதியும் இருக்கும். அது 'எல்லா மெயிலும்'னு இருக்கணும்.

ஜிமெயில்காரங்க ஒரு தடவை பிரவுசர்லயும் செட்டிங்ஸ் போய்ப் பாருங்க. ஐமேப் ஃபோல்டர்ல இத்தனை மெயில்தான் காட்டணும்னு ஒரு வரம்பு வைக்கிற இடம் இருக்கு. அதுல வரம்பு எதுவும் இருக்கக்கூடாது. இன்னொண்ணு, ஜிமெயில்ல லேபிள்தான் தண்டர்பேர்ட்ல ஃபோல்டரா தெரியும். ஒரு மெயிலுக்கு மூணு லேபிள் இருந்தா மூணு ஃபோல்டர்ல தெரியும். அதனால 'ஆல் மெயில்'ங்கிற ஒரே ஃபோல்டரை எடுத்தாலே போதும். வந்தது, அனுப்பினது எல்லாம் அதுல ஒரு தடவை இருக்கும். ஸ்பாமும் டிராஷும் மட்டும் அதுல வராது.

அப்புறம் ஃபைல் மெனுவுல 'ஆஃப்லைன்', அதுக்குள்ள 'டவுன்லோட் சிங்க் நவ்'. விண்டோஸ்ல ஃபைல் மெனு தெரியலைன்னா ஆல்ட் பட்டனை அழுத்துங்க. இதுக்கு நேரம் ஆகும். ஐமேப் மூலமா ஒரு நாளைக்கு 2,500 எம்பி வரைக்கும்தான் இறக்கலாம்னு கூகுள் ஒரு வரம்பு வெச்சிருக்கு. உங்க மெயில் 8 ஜிபி இருந்தா நாலு நாள் ஆகும். அக்கவுன்ட் மூடுற நாளைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்தா முடியாதுங்கிறது இதனாலதான்.

எல்லாம் இறங்கினதுக்கு அப்புறம், இடது பக்கம் கீழே 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' இருக்கும். அதுல ரைட் கிளிக் பண்ணி வருஷத்துக்கு ஒண்ணா புது ஃபோல்டர் உருவாக்குங்க. 2022, 2023 அப்படி. மெயிலைத் தேதி வாரியா அடுக்கி, ஒரு வருஷத்து மெயிலைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக், 'காப்பி டு', லோக்கல் ஃபோல்டர்ஸ், அந்த வருஷம். 'மூவ்' வேண்டாம், 'காப்பி'தான். மூவ் பண்ணினா சர்வர்ல இருந்து போயிடும், பாதி வழியில நெட் போனா தலைவலி. மொத்தத்தையும் ஒரே தடவையில காப்பி பண்ணினா நடுவுல நின்னுடலாம், அதனாலதான் வருஷ வாரியா.

காப்பி ஆனதும் நம்பி விட்டுடாதீங்க, சோதிச்சுப் பாருங்க. ஃபோல்டர்ல ரைட் கிளிக் பண்ணி 'ப்ராப்பர்ட்டீஸ்' பார்த்தா எத்தனை மெயில் இருக்குன்னு தெரியும். எல்லா வருஷத்தையும் கூட்டி, 'ஆல் மெயில்' எண்ணிக்கையோட ஒப்பிடுங்க. அடுத்து வைஃபையை அணைச்சிட்டு, லோக்கல் ஃபோல்டர்ல இருந்து பழைய மெயில் நாலஞ்சைத் திறந்து, அதுல இருக்கிற பிடிஎஃப் திறக்குதான்னு பாருங்க. நெட் இல்லாம திறந்தா, அது உங்ககிட்ட இருக்கு.

கடைசியா, லேப்டாப் திருடு போகலாம், ஹார்ட் டிஸ்க் போகலாம். 'ஹெல்ப்' மெனுவுல 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போனா 'ப்ரொஃபைல் ஃபோல்டர்'னு ஒரு வரி இருக்கும், பக்கத்துலயே அதைத் திறக்கிற பட்டன். அது எங்க இருக்குன்னு பார்த்துக்கிட்டுத் தண்டர்பேர்டை மூடிடுங்க. அந்த ஃபோல்டரை முழுசா ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி பண்ணி வெச்சிடுங்க.

ரொம்ப முக்கியமான பத்துப் பதினைஞ்சு மெயிலை மட்டும் தனித்தனியா 'சேவ் ஆஸ்' கொடுத்து இஎம்எல் ஃபைலாவும் வெச்சுக்கோங்க. ஸ்கிரீன்ஷாட்டை யார் வேணும்னாலும் எடிட் பண்ணலாம், அதனால சரிபார்க்கிறவங்க அதைப் பெருசா நம்ப மாட்டாங்க. இஎம்எல் ஃபைல்ல அந்த மெயில் எந்த சர்வர்ல இருந்து கிளம்பி எந்த வழியா வந்ததுங்கிற விவரம் முழுசா தலைப்புல இருக்கும். ஃபார்வேர்டு பண்ணின மெயில்ல அந்த விவரம் போயிடும்.

தண்டர்பேர்டால முடியாதது

மெயில்ல அட்டாச்மென்டா வந்தது மட்டும்தான் இப்படி இறங்கும். டிரைவ் லிங்கா வந்தது இறங்காது, வெறும் லிங்க்தான் இருக்கும். அக்கவுன்ட் போனா லிங்கும் போச்சு. புராஜெக்ட் ரிப்போர்ட், பிபிடி எல்லாம் பெரும்பாலும் டிரைவ்லதான் இருக்கும். அதுக்குக் கூகுள் டேக்அவுட் இருக்கு. காலேஜ் அக்கவுன்ட்ல இருந்து உங்க சொந்த ஜிமெயிலுக்கு மெயிலையும் டிரைவையும் நேராவே மாத்துற வசதியும் அதுல உண்டு. அட்மின் அனுமதிச்சிருந்தா மட்டும். உங்க காலேஜ்ல அது திறந்திருந்தா, தண்டர்பேர்டோட சேர்த்து அதையும் பண்ணுங்க. ரெண்டு இடத்துல இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு. காலேஜ் மெயிலை வெச்சு எத்தனை இடத்துல அக்கவுன்ட் ஆரம்பிச்சிருக்கீங்க? லிங்க்ட்இன், கிட்ஹப், ஆன்லைன் கோர்ஸ், வேலை தேடுற தளம். மெயில் போனதுக்கு அப்புறம் பாஸ்வேர்டு மறந்தா, அதை மாத்துற லிங்க் அந்தச் செத்துப்போன முகவரிக்குத்தான் போகும். இன்பாக்ஸ்ல 'வெரிஃபை', 'வெல்கம்'னு ரெண்டு ஆங்கில வார்த்தையைத் தேடுங்க. நீங்க எங்கெங்க பதிஞ்சீங்கன்னு ஒரு பட்டியலே வந்துடும். ஒவ்வொண்ணாப் போய் சொந்த முகவரிக்கு மாத்துங்க.

உங்க கைடு, எச்ஓடி, இன்டர்ன்ஷிப் மேனேஜர், இவங்களுக்கெல்லாம் சொந்த முகவரியில இருந்து ஒரு நன்றி மெயில் போடுங்க. மேற்படிப்புக்கு ரெகமண்டேஷன் கேட்கும்போது, அவங்க இன்பாக்ஸ்ல தேடினா பழைய ரோல் நம்பர் முகவரி மட்டும் வரக்கூடாது, பாருங்க.

ரெண்டு எச்சரிக்கை

லேப் கம்ப்யூட்டர்லயோ நண்பரோட லேப்டாப்லயோ இதைப் பண்ணாதீங்க. தண்டர்பேர்ட் இறக்கி வைக்கிற மெயில் பூட்டு இல்லாமத்தான் டிஸ்க்ல இருக்கும். 'பிரைமரி பாஸ்வேர்டு'ன்னு ஒண்ணு இருக்கு. ஆனா அது சேமிச்ச பாஸ்வேர்டுகளைத்தான் காக்கும், மெயிலைக் காக்காது. உங்க லேப்டாப்ல பிட்லாக்கரோ, மேக்னா ஃபைல்வால்ட்டோ இருந்தா அதை ஆன் பண்ணிடுங்க. இல்லன்னா லேப்டாப் கிடைச்சவங்களுக்கு உங்க நாலு வருஷமும் கிடைச்ச மாதிரி.

ரெண்டாவது, அந்த இன்பாக்ஸ்ல மத்தவங்களோடதும் இருக்கும். கிளப் செக்ரட்டரியா இருந்திருந்தா, நூத்துக்கணக்கான மாணவர்களோட போன் நம்பர் இருக்கிற எக்ஸெல் ஷீட் வந்திருக்கும். பிளேஸ்மென்ட் கோஆர்டினேட்டரா இருந்திருந்தா மத்தவங்க மார்க், சம்பள விவரம் இருக்கும். அது எதுவும் உங்க சொந்தக் கடிதம் இல்லை. அதையெல்லாம் பிரதியில சேர்க்காதீங்க. அடுத்த வருஷப் பொறுப்பாளர்கிட்ட முறைப்படி ஒப்படைச்சிடுங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க மாணவர் மெயில் எந்தத் தேதியில மூடுதுன்னு காலேஜ்ல எழுத்துல கேளுங்க. பதில் வந்ததும் அதுக்கு ஒரு மாசம் முன்னாடி இருக்கிற ஒரு சனிக்கிழமையைக் காலண்டர்ல குறிச்சு வைங்க. செட்டிங்ஸ்ல எங்கயாவது மாட்டிக்கிட்டா, என்ன எரர் வருதுன்னு வார்த்தை மாத்தாம எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேர்த்துப் பேசலாம். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா ரோல் நம்பரை மறைச்சிட்டு அனுப்புங்க.